மாமாவின் படகுக்காக ஹேக் நகரம் வரை போக முடியுமா?

சென்னையில் ஐந்தாண்டுச் சட்டப் படிப்பின் மூன்றாம் ஆண்டில் இருக்கும் மாணவி ஒருவர் காசிமேட்டிலிருந்து நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு அதன் சாரத்தை மட்டும் தருகிறேன். அவருடைய தந்தை விசைப்படகு ஓட்டுநர். பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழ் வழி. இராமேசுவரத்தில் இருக்கும் தாய்மாமா, எல்லை தாண்டி மீன் பிடித்ததாகக் கடந்த ஆண்டு பாக் நீரிணையில் இலங்கைக் கடற்படையால் பிடிக்கப்பட்டு, சில வாரக் காவலுக்குப் பின் ஊர் திரும்பிவிட்டார். படகு மட்டும் திரும்பவில்லை. இந்தப் பருவத்தில் பொதுப் பன்னாட்டுச் சட்டம் பாடமாக வந்ததும், மாமாவுக்காகப் பன்னாட்டு நீதிமன்றத்துக்கு மனு எழுதத் தொடங்கிவிட்டார். நான்கு பக்க வரைவைக் கடிதத்துடன் இணைத்து, திருத்தித் தரும்படி கேட்கிறார். மூத்த மாணவர்களோ, “போலீஸ் இல்லாத சட்டம் ஒரு சட்டமா? பரீட்சைக்கு முந்தின வாரம் புரட்டினால் போதும்” என்கிறார்களாம். உள்தேர்வில், தூதரகம் இருக்கும் நிலம் அந்த அயல்நாட்டின் மண் என்று எழுதி மதிப்பெண் இழந்திருக்கிறார். வீட்டில், கிரிமினலும் சிவிலும் படித்தால்தான் சோறு என்கிறார்கள். இந்தப் பாடத்தைச் சிறப்புப் பாடமாக எடுப்பது மடத்தனமா என்பது அவருடைய கடைசிக் கேள்வி.

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் வரைவை இரண்டு முறை படித்தேன். மூன்றாம் ஆண்டு மாணவியின் கையிலிருந்து இவ்வளவு ஒழுங்கான மனு வருவது அரிது. ஆனாலும் அதை அனுப்ப முடியாது. அனுப்பினாலும் எவரும் எண்ணிட்டுக் கோப்பில் ஏற்க மாட்டார்கள். அதற்கான காரணத்தைப் புரிந்துகொண்டால் இந்தப் பாடத்தின் பாதி உங்கள் கைக்கு வந்துவிடும் என்பதால், அங்கிருந்தே தொடங்குகிறேன்.

வாசலில் நிற்கத் தகுதி யாருக்கு?

ஹேக் நகரில் உள்ள பன்னாட்டு நீதிமன்றத்தின் அமைப்பு விதியில் 34-ஆம் பிரிவைத் திறந்து பாருங்கள். அரசுகள் மட்டுமே அங்கு வழக்குத் தரப்பாக இருக்க முடியும் என்று அது ஒரே வரியில் சொல்லிவிடுகிறது. மாமாவோ, நீங்களோ, மீனவர் சங்கமோ, தமிழ்நாடு அரசோ அந்த வாசலில் நிற்க முடியாது. நம் உயர் நீதிமன்றத்தில் அரசமைப்பின் 226-ஆம் பிரிவின்கீழ் யாரும் மனு போடலாம் என்ற பழக்கத்தில் வளர்ந்த மாணவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் இடறுகிறார்கள்.

அரசு வந்தாலும் அடுத்த கேள்வி ஒன்று காத்திருக்கிறது: எதிர்த்தரப்பு அரசு சம்மதித்திருக்கிறதா? 36-ஆம் பிரிவின்படி, சம்மதம் இல்லாத அரசின் மீது அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் கிடையாது. சில அரசுகள் முன்கூட்டியே பொதுச் சம்மத அறிவிப்பு ஒன்றைக் கொடுத்து வைத்திருக்கின்றன. இந்தியா 1974-இல் அவ்வாறு கொடுத்தது. 2019-இல் அதைப் புதுப்பித்தது. அதில் நீண்ட விலக்குப் பட்டியலும் உண்டு. அவற்றுள் ஒன்று, காமன்வெல்த் உறுப்பு நாடாக இருக்கும் அல்லது இருந்த நாடுகளுடனான தகராறுகள். 1999 ஆகஸ்டில் தன் கடற்படை விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டதற்காகப் பாகிஸ்தான் இந்தியாமீது தொடுத்த வழக்கு, இந்த விலக்கில் மோதித்தான் 2000 ஜூனில் அதிகார வரம்பின்மையால் நின்றுபோனது. இலங்கையும் காமன்வெல்த் நாடு. ஆகவே இந்த அறிவிப்பின் வழியாக இலங்கை இந்தியாவை அங்கே இழுக்க முடியாது. விலக்கு இருபக்கமும் வெட்டும் என்பதால், இந்தியா அதே அறிவிப்பைக் கையில் வைத்துக்கொண்டு இலங்கையை இழுக்கவும் முடியாது.

அப்படியானால், பாகிஸ்தான் மரண தண்டனை விதித்த இந்தியர் குல்பூஷண் ஜாதவின் வழக்கில் இந்தியா பாகிஸ்தானை அங்கே நிறுத்தியது எப்படி என்று நீங்கள் கேட்கலாம். அது வேறு கதவு. துணைத்தூதரக உறவுகள் பற்றிய 1963-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையோடு விருப்ப நெறிமுறை ஒன்று, அதாவது விரும்பும் நாடுகள் மட்டும் சேரும் துணை ஒப்பந்தம், இருக்கிறது. அதில் இரு நாடுகளும் சேர்ந்திருந்ததால் அந்த உடன்படிக்கை பற்றிய தகராறுக்கு மட்டும் கதவு திறந்திருந்தது. 2019 ஜூலை 17 அன்று வந்த தீர்ப்பும் துணைத்தூதரக அணுகல், அதாவது காவலில் இருப்பவரை அவர் நாட்டு அதிகாரிகள் சந்திக்கும் உரிமை, என்ற எல்லைக்குள்ளேயே நின்றது. கடல் சட்ட உடன்படிக்கையிலும் தனிக் கதவு உண்டு. வங்கதேசம் இந்தியாவுக்கு எதிராக நடுவர் மன்றம் சென்றது அதன் வழியாகத்தான். எந்தக் கதவானாலும் தட்ட வேண்டியது அரசு.

தனி மனிதருக்கு இந்தச் சட்டத்தில் இடமே இல்லை என்று இதை வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள். குடிமை, அரசியல் உரிமைகள் பற்றிய உடன்படிக்கையின் முதல் விருப்ப நெறிமுறையில் சேர்ந்த நாட்டின் மீது, பாதிக்கப்பட்டவர் நேரடியாக மனித உரிமைக் குழுவிடம் முறையிடலாம். இந்தியா அதில் சேரவில்லை. இலங்கை 1997-இல் சேர்ந்தது. ஆனால் அவ்வாறு சேர்ந்தது தன் நாட்டு அரசமைப்புக்கு முரண் என்று இலங்கை உச்ச நீதிமன்றம் 2006-இல் கூறிவிட்டது. பன்னாட்டுச் சட்டமும் உள்நாட்டுச் சட்டமும் ஒரே வீடா, இரண்டு வீடா என்று உங்கள் பாடநூல் ஒரு தனி அத்தியாயம் எழுதியிருக்குமே, அதற்கு நம் அண்டை வீட்டு எடுத்துக்காட்டு இதைவிடக் கூர்மையாகக் கிடைக்காது.

மனுவில் உள்ள இரண்டு வாதங்கள்

முதல் வாதம்: அரசமைப்பைத் திருத்தாமல் கச்சத்தீவு விட்டுக்கொடுக்கப்பட்டதால் இலங்கையுடனான 1974-ஆம் ஆண்டு உடன்படிக்கை செல்லாது என்கிறீர்கள். தமிழ்நாட்டில் மேடைதோறும் கேட்கும் வாதம் இது. அதனாலேயே இதைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. இதற்குள் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நம் அரசமைப்பின்படி அந்த உடன்படிக்கைக்கு நாடாளுமன்றத் திருத்தம் தேவையா என்பது ஒன்று. நிலத்தை விட்டுக்கொடுக்கத் திருத்தம் தேவை என்று மேற்கு வங்கத்துப் பெருபாரி விவகாரத்தில் 1960-இல் உச்ச நீதிமன்றம் கருத்துரைத்தது. இருந்த எல்லைத் தகராறைத் தீர்த்துக்கொள்வதற்குத் திருத்தம் தேவையில்லை என்று கட்ச் வழக்கில் 1969-இல் அதே நீதிமன்றம் சொன்னது. கச்சத்தீவு இதில் எந்தப் பக்கம் விழும் என்பதே 2008-இல் ஜெயலலிதா உச்ச நீதிமன்றத்தில் எழுப்பிய கேள்வியின் உள்ளீடு. இது முழுக்க முழுக்க உள்நாட்டுக் கேள்வி.

மற்றது, உள்நாட்டில் குறை இருந்தால் இலங்கைக்கு எதிராக அதைச் சொல்ல முடியுமா என்பது. உடன்படிக்கைச் சட்டம் பற்றிய 1969-ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 27-ஆம் பிரிவு, உள்நாட்டுச் சட்டத்தைக் காட்டி உடன்படிக்கைக் கடமையிலிருந்து நழுவ முடியாது என்கிறது. 46-ஆம் பிரிவு தரும் விலக்கோ மிகக் குறுகலானது: மீறல் எவர் கண்ணுக்கும் வெளிப்படையாகத் தெரிய வேண்டும்; மீறப்பட்ட விதியும் அடிப்படை முக்கியத்துவம் வாய்ந்ததாக இருக்க வேண்டும். சூழ்நிலை அடியோடு மாறிவிட்டது என்ற வாதத்தையும் எல்லையை வகுக்கும் உடன்படிக்கைகளுக்கு எதிராக எழுப்ப முடியாதபடி 62-ஆம் பிரிவு அடைத்துவிடுகிறது. இந்த இடத்தில் கூர்மையான தேர்வாளர் உங்களை மடக்குவார்: இந்தியா அந்த வியன்னா உடன்படிக்கையில் சேரவே இல்லையே, அது நடைமுறைக்கு வந்ததும் 1980-இல்தானே என்று. அதன் முக்கிய விதிகள் வழக்காறாகவும், அதாவது நாடுகளின் தொடர்ந்த நடைமுறையால் உருவான சட்டமாகவும், நின்று எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்துகின்றன என்பதே அவருக்கு நீங்கள் சொல்ல வேண்டிய பதில்.

1974-ஆம் ஆண்டு உடன்படிக்கையின் மூலப் பாடத்தை நீங்கள் படித்ததாக வரைவில் தடயமே இல்லை. எட்டே பிரிவுகள்தாம், ஒரு தேநீர் நேரத்தில் முடித்துவிடலாம். 5-ஆம் பிரிவு, இந்திய மீனவரும் யாத்திரிகரும் முன்போலவே விசா இல்லாமல் கச்சத்தீவுக்குச் சென்றுவரலாம் என்கிறது. 6-ஆம் பிரிவு, இரு நாட்டுப் படகுகளும் ஒன்று மற்றதன் நீரில் மரபாக அனுபவித்துவந்த உரிமைகளைத் தொடர்ந்து அனுபவிக்கும் என்கிறது. பிறகு 1976 மார்ச்சில் இரு அரசுகளும் பரிமாறிக்கொண்ட கடிதங்கள், வெளிப்படையான அனுமதியின்றி ஒரு நாட்டு மீனவர் மற்ற நாட்டின் வரலாற்று நீரிலோ (நெடுங்கால ஆட்சியால் தன்னுடையதாகக் கொள்ளும் கடல்), கரையை ஒட்டிய ஆட்சிக்கடலிலோ, அதற்கு அப்பால் கடல் வளங்கள் மீது மட்டும் உரிமை உள்ள பிரத்தியேகப் பொருளாதார மண்டலத்திலோ மீன் பிடிக்கக் கூடாது என்றன. முந்தைய மரபுரிமையைப் பிந்தைய கடிதம் விழுங்கிவிட்டதா, எஞ்சியது எவ்வளவு என்பதுதான் உண்மையான சட்டச் சிக்கல். உங்கள் முதல் இரண்டு பக்க ஆவேசத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இந்தக் கேள்வியை வையுங்கள். வரைவு ஒரு நல்ல ஆய்வுக் கட்டுரையாகிவிடும்.

இரண்டாவது வாதம்: எல்லை தாண்டிய மீனவரைச் சிறையில் அடைக்கக் கூடாது என்று 1982-ஆம் ஆண்டு கடல் சட்ட உடன்படிக்கையின் 73-ஆம் பிரிவு சொல்கிறது, இந்தியாவும் இலங்கையும் அதில் சேர்ந்த நாடுகள், எனவே சிறைவாசம் சட்டவிரோதம். அனுபவமுள்ள வழக்கறிஞர்களே இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆனால் 73-ஆம் பிரிவு பேசுவது பிரத்தியேகப் பொருளாதார மண்டலத்தைப் பற்றி மட்டும். பாக் நீரிணை அப்படிப்பட்ட மண்டலம் அன்று. 1974-ஆம் ஆண்டு உடன்படிக்கையின் தலைப்பே அதனை ‘வரலாற்று நீர்’ என்கிறது. 4-ஆம் பிரிவு, கோட்டின் அந்தந்தப் பக்கத்தில் அந்தந்த நாட்டுக்கு முழு இறையாண்மை உண்டு என்கிறது. மாமா பிடிபட்டது நீரிணையில் என்று நீங்களே எழுதியிருப்பதால், 73-ஆம் பிரிவு அவருக்குக் கை கொடுக்காது.

இதில் நம் ஊர்த் தொடர்பு ஒன்று உண்டு. பாக் விரிகுடா நிலம் சூழ்ந்த உள்நீர், அது அரசின் ஆட்சிக்குட்பட்டது என்ற கருத்துக்குப் பன்னாட்டுச் சட்ட நூல்கள் காட்டும் பழைய சான்றுகளுள் ஒன்று, நம் மெட்ராஸ் உயர் நீதிமன்றம் அளித்து 1904-ஆம் ஆண்டுத் தொகுதியில் வெளியான தீர்ப்பு: அன்னகுமாரு பிள்ளை எதிர் முத்துப்பயல். இராமநாதபுரம் ஜமீனுக்குரிய படுகையில் சங்கு எடுத்தது திருட்டா என்பதுதான் வழக்கு. சங்கு குளித்தவர்கள் மீதான ஒரு குற்ற வழக்கு, வரலாற்று நீர் என்ற கோட்பாட்டுக்குத் தூணாக நிற்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. உங்கள் கல்லூரி நூலகத்தில் பழைய மெட்ராஸ் தீர்ப்புத் தொகுதிகள் இருந்தால் 27-ஆம் தொகுதியில் 551-ஆம் பக்கத்தைப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியவன் ஆக மாட்டேன். உங்கள் மனுவில் எதிர்த்தரப்பாக இலங்கைக் கடற்படை மட்டுமே இருக்கிறது. அக்கரையில் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் சிறு படகில் மீன் பிடிப்பவர்களும் தமிழர்களே. நம் பக்கத்து விசைப்படகுகள் இழுத்துச் செல்லும் பெரிய வலைகளான இழுவை மடிகள் தங்கள் வலைகளை அறுத்து மீன்குஞ்சுகளையும் வாரிச் செல்கின்றன என்பது அவர்களுடைய முறையீடு. இலங்கை 2017-இல் இழுவை மடி மீன்பிடிப்பையே சட்டத்தால் தடை செய்தது. மரபுரிமை பற்றி வாதிடுபவர், அந்த மரபில் எந்த வலை இருந்தது என்ற கேள்விக்கும் பதில் வைத்திருக்க வேண்டும்.

போலீஸ் இல்லாத சட்டம்

காசிமேட்டில் வளர்ந்தவருக்கு இந்தக் கேள்வி எழுந்ததே எனக்குச் சற்று வியப்பு. விடியற்காலை ஏலத்தில் வாய்ச்சொல்லாகக் கேட்ட விலையை யாரும் மறுப்பதில்லை. மறுநாளும் அதே ஏலக்கூடையின் முன்னால் வந்து நிற்க வேண்டும் என்பதே காவல். அரசுகளும் பெரும்பாலும் அவ்வாறே நடக்கின்றன. வங்காள விரிகுடா எல்லைத் தகராறில் 2014 ஜூலை 7 அன்று நடுவர் மன்றம் தீர்ப்பளித்தபோது, தகராறில் இருந்த 25,602 சதுர கிலோமீட்டரில் 19,467 சதுர கிலோமீட்டர் வங்கதேசத்துக்குப் போனது. பெரிய நாடான இந்தியா அதை ஏற்றுக்கொண்டது. எந்தக் காவலரும் வந்து நிற்கவில்லை. மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பும் விமானம் அடுத்த நாட்டின் வானில் நுழைவதும், கடல் கடந்து அஞ்சல் போய்ச் சேருவதும் உடன்படிக்கைகளால் நடக்கின்றன. முறிவுகள் செய்தியாகின்றன, நடப்பவை செய்தியாவதில்லை.

ஆனால் உங்கள் சீனியர்களின் ஏளனத்திலும் பாதி உண்மை இருக்கிறது. 1986-இல் நிகரகுவா வழக்கில் அமெரிக்காவுக்கு எதிராகத் தீர்ப்பு வந்தது. அதை நிறைவேற்றக் கோரிய தீர்மானத்தைப் பாதுகாப்பு அவையில் அமெரிக்கா தன் வீட்டோவால் வீழ்த்தியது. வலியவன் மீறினால் தண்டிப்பவர் இல்லை என்ற குறை மெய்யானது. தேர்வில் இரண்டு பக்கத்தையும் எழுதுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் எழுதுவது பிரச்சாரம்.

தூதரகக் கேள்வியில் உங்கள் ஆசிரியர் மதிப்பெண் குறைத்தது சரியே. ஜெமினி மேம்பாலத்தருகே விசாவுக்கு வரிசையில் நிற்பவர்கள், கதவைத் தாண்டினால் அமெரிக்க மண் என்று பேசிக்கொள்வது வழக்கம். நிலம் இந்தியாவுடையது, அங்கே இந்தியச் சட்டமே செல்லும். அனுமதியின்றி நம் அதிகாரிகள் உள்ளே நுழையக் கூடாது என்ற பாதுகாப்பு மட்டுமே கூடுதல். அதிலும் தூதரகத்துக்கு உள்ள அளவு துணைத்தூதரகத்துக்குக் கிடையாது.

படிப்பும் பிழைப்பும்

தமிழ் வழியில் வந்தது குறை என்று எழுதியிருக்கிறீர்கள். கலைச்சொல்லை மனப்பாடம் செய்யாமல் கருத்தைப் பிடித்தால் அது குறையாகாது. ‘வழக்காறு’ என்ற சொல்லை இந்து சட்ட வகுப்பிலேயே படித்திருப்பீர்கள்: தெளிவாக மெய்ப்பிக்கப்பட்ட வழக்காறு, எழுதப்பட்ட சட்டத்தையும் விஞ்சும் என்று 1868-இல் அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் சொன்னது, மதுரை கலெக்டர் எதிர் முத்து இராமலிங்க சேதுபதி என்ற நம் இராமநாதபுரத்து வழக்கில். பன்னாட்டு வழக்காறும் அதே குடும்பத்தைச் சேர்ந்ததுதான். நாடுகள் தொடர்ந்து அவ்வாறு செய்துவர வேண்டும், கடமை என்ற உணர்வோடு செய்ய வேண்டும். இரண்டே நாடுகளுக்கிடையிலும் அது உருவாகலாம் என்பதற்கு, தாத்ரா, நாகர் ஹவேலிக்கு வழி கேட்டுப் போர்ச்சுகல் இந்தியாமீது தொடுத்த வழக்கில் 1960-இல் வந்த தீர்ப்பைப் படியுங்கள்.

உடன்படிக்கை ஒவ்வொன்றுக்கும் நோட்டில் ஒரு பட்டியல் போடுங்கள்: கையொப்பமிட்டது எப்போது, ஏற்புறுதி அளித்தது எப்போது, என்ன விலக்குடன். சித்திரவதைக்கு எதிரான உடன்படிக்கையில் இந்தியா 1997-இல் கையொப்பமிட்டது. ஏற்புறுதி இன்னும் அளிக்கவில்லை. நிச்சயதார்த்தத்துக்கும் கல்யாணத்துக்கும் உள்ள தூரம் இது. மாணவர்கள் பாதிப்பேர் இதில்தான் தவறு செய்கிறார்கள். உள்நாட்டு நீதிமன்றம் பன்னாட்டு விதியை எப்படி எடுத்தாள்கிறது என்று பார்க்க, பாலாற்றைக் கெடுத்த தோல் தொழிற்சாலைகள் பற்றிய 1996-ஆம் ஆண்டு வேலூர் தீர்ப்பு போதும். மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற நெறி நம் சட்டத்தின் பகுதியே என்று உச்ச நீதிமன்றம் அதில் சொன்னது.

பிழைப்பைப் பொறுத்தவரை உங்கள் வீட்டார் சொல்வதை ஒதுக்கிவிட மாட்டேன். பொதுப் பன்னாட்டுச் சட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு சென்னையில் முதல் தலைமுறை வழக்கறிஞர் வாடகை கட்ட முடியாது. சிவில், குற்றவியல் நடைமுறைச் சட்டங்களைக் கைவிடாமல், சிறப்புப் பாடமாக இதை எடுங்கள். கூடவே கடல்சார் சட்டத்தையும் எடுங்கள். கப்பல் தொடர்பான வழக்குகளுக்கான 2017-ஆம் ஆண்டு அட்மிரால்டி சட்டம் அதிகாரம் அளித்துள்ள உயர் நீதிமன்றங்களுள் நம்முடையதும் ஒன்று. சம்பளம் கிடைக்காமல் கப்பலிலேயே கைவிடப்படும் மாலுமிகளின் வழக்குகளில் அந்தச் சட்டமும், இந்தியா 2015-இல் ஏற்புறுதி அளித்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையும் அன்றாடம் பயன்படும். இராயபுரத்திலும் காசிமேட்டிலும் கப்பல் வேலைக்குப் போன பிள்ளைகள் இல்லாத தெரு எது?

படகைப் பற்றி

கேரளக் கடலில் 2012 பிப்ரவரியில் இத்தாலியக் கப்பலின் காவல் வீரர்கள் சுட்டதில் இரண்டு மீனவர்கள் இறந்த வழக்கை நினைவூட்ட விரும்புகிறேன். 2020-இல் நடுவர் மன்றம், வீரர்களை இந்தியாவில் விசாரிக்க முடியாது என்றும், இந்தியாவுக்கு இழப்பீடு உண்டு என்றும் சொன்னது. மன்றத்தின் முன் நின்றவை இரண்டு அரசுகள். பத்துக் கோடி ரூபாய் வந்தபோது அது இறந்தவர் குடும்பங்களுக்கும் படகு உரிமையாளருக்கும் பிரித்தளிக்கப்பட்டது. அரசின் வழியாகத் தனி மனிதருக்குப் பலன் வந்து சேரும் பாதை இதுதான். குடிமகனுக்காகப் பேசுவது அரசின் விருப்பமே தவிர, பன்னாட்டுச் சட்டம் அதற்கு விதித்த கட்டாயம் அன்று. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் அரசுக்கு நீதிப்பேராணை கேட்கலாம். ஆனால் வெளியுறவு விஷயத்தில் நீதிமன்றம் அரசின் கையைப் பிடித்து எழுத வைக்கத் தயங்கும். பரிசீலிக்கும்படி உத்தரவு கிடைத்தாலே பெரிது.

ஆகவே இப்போது செய்யக்கூடியது சிறியது, ஆனால் அவசரமானது. படகின் பதிவுச் சான்று, பிடிபட்ட நாள், அங்குள்ள நீதிமன்றத்தின் வழக்கு எண் ஆகியவற்றைத் திரட்டி, மாநில மீன்வளத்துறை வழியாகவும் நேரடியாகவும் யாழ்ப்பாணத்தில் உள்ள இந்தியத் துணைத்தூதரகத்துக்கு எழுதுங்கள். படகைத் திரும்பக் கோருவதற்கு உரிமையாளர் அங்குள்ள நீதிமன்றத்தில் தோன்ற வேண்டிய நாள் ஒன்று இருக்கும். அது தவறினால் படகு அரசுடைமை ஆகிவிடக்கூடும் என்பதால் இலங்கை வழக்கறிஞர் ஒருவரை அமர்த்துவதைத் தள்ளிப்போடாதீர்கள். பதிவு யார் பெயரில் இருக்கிறது, அங்குள்ள நீதிமன்றத்தில் தோன்ற வேண்டிய நாள் எது என்ற இரண்டையும் உங்கள் கடிதம் சொல்லவில்லை. மாமாவிடம் இன்றே தொலைபேசியில் கேட்டு எனக்கு எழுதுங்கள்.